நடுச்சுவரில் உட்கார்ந்து வாசித்த ஓலை

புதிதாக உபதேசிமார் ஆகியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் இரண்டு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். இரண்டு வார்த்தையில் முடிக்கத் தெரிந்திருந்தால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கமாட்டேன். ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தொடங்கி இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்வு பெறும்வரை தெஹியோவிட்டைக்கும் தெரணியகலைக்கும் இடையில் உள்ள ரப்பர்த் தோட்டங்களில் நான் உபதேசியாராக இருந்தேன். பதினேழு வருடம். ஜெபக்கூட்டம் நடத்துவது, பதிவேடு எழுதுவது, நோயாளியைப் பார்க்கப்போனால் எவ்வளவு நேரம் உட்காருவது, இதெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்குள் நான் கை வைக்கப்போவதில்லை. நான் எழுதப்போவது, ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்து விரிசல் விட்டிருந்த ஒரு சபையை அரை மணி நேரத்தில் இரண்டாக உடைத்த கதை. அதை உடைத்தவன் நான்தான். எனக்கு யாரும் உதவி செய்யவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மலைச்சரிவில் ஒரு தோட்டம். அதில் எங்கள் சபைக்குப் பன்னிரண்டு குடும்பம். மற்றவர்கள் எல்லாம் முருகன் கோயில்காரர்கள், அடிவாரத்தில் சிங்களக் கிராமம். பன்னிரண்டு குடும்பத்துக்கும் தகரம் போட்ட ஒரு சின்னத் தேவாலயம். குருவானவர் டவுனில் இருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு நான்தான் நிற்பேன்.

இந்தச் சபையின் இரண்டு தூண்கள் ஞானம்மாவும் புஷ்பமும். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஞானம்மா மூத்தவர், பிள்ளை கிடையாது. புஷ்பம் இளையவர், அவருக்கு ஒரே மகள், சுகந்தி. இரண்டு வீடும் தோட்டத்து வரிசைவீடான லயம் ஒன்றில் அடுத்தடுத்த காம்பரா. லயத்து வீட்டுக்குள் போயிராத உங்களில் சிலருக்காகச் சொல்கிறேன்: காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரைக்கும் போகாது. ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேல் தகரம்வரைக்கும் வெறும் இடைவெளி. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் அடுத்த வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள்.

அந்தச் சுவருக்கு இருபக்கமும் இருந்த இந்த இரண்டு பேரும் பத்து மாதமாகப் பேசவில்லை. காரணம், திருவிருந்து மேசையின் விரிப்பு. உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள் ஞானம்மா அதைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்திருக்கிறார். புஷ்பம் சிரட்டைக்கரி போட்ட பெட்டியால் அதைத் தேய்த்திருக்கிறார். மேசைக்கு முன்னால் தொங்கும் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், ஸ்திரிக்கைப் பெட்டியின் அளவில் ஒரு பழுப்புச் சூடு. பெட்டி அளவுக்கு மேல் சூடாக இருந்தது என்றார் ஞானம்மா. கஞ்சி அளவுக்கு மேல் கட்டியாக இருந்தது என்றார் புஷ்பம். இது வேதசாஸ்திரப் பிரச்சினையாக வளர்ந்து, ஆறு குடும்பம் கஞ்சிக் கட்சி, ஆறு குடும்பம் பெட்டிக் கட்சி என்று பிரிந்துவிட்டது. கூத்து என்னவென்றால் அண்ணனும் தம்பியும் ஒரே மலையில் சேர்ந்து பால் வெட்டி, ஒரே பாதையில் சேர்ந்து இறங்கி, லயத்து வாசலுக்கு வந்ததும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி உள்ளே போவார்கள். உள்ளே போனபிறகு சுவருக்கு மேலால் வெற்றிலை கைமாறும்.

நான் என்ன செய்தேன்? சமாதானம் செய்கிறேன் என்று புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு புது விரிப்புத் தைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தேன். இந்த வாரம் இது மேலே, அடுத்த வாரம் அது மேலே என்று முறை வைத்தேன். எந்தக் கட்சியின் விரிப்பு அடியில் போகிறதோ அந்தக் கட்சி அந்த வாரம் தேவாலயத்துக்கு வருவதில்லை. ஆக, பத்து மாதமாக எனக்கு வாராவாரம் பாதிச் சபை. வாரத்துக்கு ஒரு பாதி. ஒரே பிரசங்கத்தை இரண்டு வாரம் செய்யலாம் என்று அதில் எனக்கு ஒரு சோம்பேறிச் சந்தோஷமும் இருந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன்.

இந்த நிலையில்தான் சுகந்திக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை அரநாயக்கப் பக்கத்துத் தோட்டம், ஜெயசீலன் என்று ஒரு நல்ல பையன். ஒரு மாதத்தில் வெளிநாட்டுக்கு ஏறுகிறான், இரண்டு வருட ஒப்பந்தம். போவதற்கு முன் கட்டிவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் தாய்க்கு வேறொரு பெண்மேல் கண். ஏதாவது தடங்கல் வந்தால் போதும், இரண்டு வருடத்தில் அந்த அம்மா காரியத்தை முடித்துவிடுவார். மாசி மாதம், ரப்பர் மரங்கள் இலை கொட்டி நிற்கும் காலம். பால் வெட்டு இல்லை, எல்லோருக்கும் ஓய்வு, கல்யாணத்துக்கு வசதி. ஆனால் புதன்கிழமை லெந்து தொடங்குகிறது. தொடங்கினால் நாற்பது நாளைக்கு எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஆகாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சொல்லிவிட்டார்கள். வேதத்தில் செவ்வாயைப் பற்றி ஒன்றுமில்லையே என்றேன். 'வேதத்துல இல்லாட்டி என்ன, கலண்டர்ல இருக்கே' என்றார்கள். ஆகவே திங்கள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று சபைக்கு முன்னால் கேட்கவேண்டும். முதல் ஞாயிறு புஷ்பத்தின் விரிப்பு மேலே. பாதிச் சபை கேட்டது. இரண்டாவது ஞாயிறு ஞானம்மாவின் விரிப்பு மேலே. பெண்ணைப் பெற்றவரே வரவில்லை, மறுபாதி கேட்டது. மூன்றாவது ஞாயிறு, கல்யாணத்துக்கு முதல் நாள். அன்றைக்கு முழுச் சபையையும் உட்காரவைத்து இந்தச் சண்டையை ஒரேயடியாக முடிப்பது என்று தீர்மானித்தேன். மேசையில் விரிப்பே போடவில்லை. வெறும் மேசை. இந்தச் செய்தி சனிக்கிழமையே பரவி, அதைப் பார்க்கிறதற்காகவே பன்னிரண்டு குடும்பமும் வந்துவிட்டது.

இனிமேல் என் மடத்தனம். பிரசங்கத்துக்கு நான் எடுத்தது பிலிப்பியர் நாலாம் அதிகாரம், இரண்டாம் வசனம். எயோதியாள், சிந்திகேயாள் என்று அந்தச் சபையில் இரண்டு பெண்கள். இரண்டு பேரும் நல்ல ஊழியக்காரிகள், இரண்டு பேருக்கும் ஆகாது. பவுல் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆண்டவருக்குள் ஒரே மனதாயிருங்கள் என்று கெஞ்சுகிறார். இதைவிடப் பொருத்தமான வசனம் உண்டா? நான் உருகினேன். கை வீசினேன். 'அந்த இரண்டு பெண்களால் ஒரு சபையே தலைகுனிந்தது' என்று நான் சொன்ன இடத்தில் புஷ்பம் எழுந்தார்.

'யாரச் சொல்றீங்க, உபதேசியாரே?'

'நான் சொல்லவில்லை. பவுல் சொல்கிறார்.'

'பவுலுக்கு யாரு போய்ச் சொன்னது? இங்க ஒக்காந்திருக்கிற ஆளுதான் சொல்லியிருக்கும்.'

ஞானம்மா இருந்த இடத்திலிருந்தே, என்னைப் பார்த்து, 'நான் எதுக்குச் சொல்றேன்? கண்ணிருந்தா பவுலுக்கே தெரியும்' என்றார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு நடந்தார்கள். எங்கள் தேவாலயத்துக்கு ஒரே ஒரு கதவு, அதுவும் ஒற்றைக் கதவு. இரண்டு பேரும் தோளோடு தோள் அதில் மாட்டிக்கொண்டு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். பத்து மாதத்தில் அவர்கள் அவ்வளவு நெருங்கியது அன்றுதான். பிறகு இரண்டு பேரும் எப்படியோ பிதுங்கி வெளியேற, பின்னால் ஆறும் ஆறுமாகக் குடும்பங்கள் போயின.

உள்ளே நானும் வாட்ச்சர் அப்புஹாமியும் மட்டும். அப்புஹாமி சிங்களவர், பன்சலைக்கு, புத்த விகாரைக்குப் போகிறவர், வெயிலுக்குக் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். 'இவரத மாத்தயா?' என்று கேட்டார், முடிந்ததா என்று. முடியவில்லை என்றேன். பதற்றத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. ஓலையை எடுத்து அவருக்கு முன்னால் கணீரென்று வாசித்தேன். யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று சிங்களத்திலும் ஒருமுறை கேட்டேன். அப்புஹாமி எழுந்து தொப்பியைக் கழற்றி, நன்றாக யோசித்து, 'மட்ட நே' என்றார். தனக்கு இல்லையாம்.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. பத்து மணி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு குருவானவரிடம் ஓடினேன். அவர் அதிகம் பேசாத மனிதர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, 'அப்புஹாமி நல்ல மனிதர். ஆனால் அவர் சபை அல்ல' என்றார்.

'அப்படியானால் நாளைக்குக் கல்யாணம்?'

'ஞாயிறு இன்னும் முடியவில்லையே. சபையைக் கூட்டி வாசி. முடியாவிட்டால் உயிர்த்த ஞாயிறு முடிந்தபிறகு முதலிலிருந்து மூன்று ஞாயிறு.'

'அவர்கள் இரண்டு பேரும் இனி ஒரு கதவுக்குள் நுழையமாட்டார்கள், ஐயா. தேவாலயத்தில்தான் வாசிக்கவேண்டுமா?'

அவர் யோசித்தார். 'சபை ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும். வாசிப்பது எல்லோர் காதிலும் விழவேண்டும். எனக்கு அது போதும்' என்றார். பிறகு, நான் படி இறங்கும்போது, 'நீ இரண்டாம் வசனத்தோடு நிறுத்திவிட்டாய். மூன்றாவதைப் படி' என்றார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. பவுல் அந்தப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதோடு விடவில்லை. அடுத்த வசனத்திலேயே பக்கத்தில் இருக்கும் ஒரு கூட்டாளியைப் பார்த்து, இவர்களுக்கு நீ உதவி செய், இவர்கள் என்னோடு பாடுபட்டவர்கள் என்கிறார். திட்டு அல்ல அது, சிபாரிசு. அந்தக் கூட்டாளியின் பெயரைப் பவுல் எழுதவே இல்லை. சண்டை போட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறது, தீர்க்கப்போனவனுக்குப் பெயர் இல்லை. நமக்கான இடம் அந்த வசனத்தில் அதுதான் என்று எனக்கு அன்று தெரணியகலைப் பஸ்ஸில் உறைத்தது. நான் போய்ப் பவுலின் இடத்தில் நின்று கை வீசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பஸ் வளைவில் திரும்பும்போது கீழே எங்கள் லயம் தெரிந்தது. இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவில் ஒரே நீளத் தகரக் கூரை. பன்னிரண்டு காம்பராவுக்கும் சேர்த்து ஒரே கூரை. நான் இருந்த இடத்திலேயே சத்தமாக 'ஸ்தோத்திரம்' என்றேன். கண்டக்டர் எனக்காகப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

இறங்கி நடந்தேன். நேராகப் புஷ்பத்திடம் போய், உங்கள் வீட்டில் மூன்று மணிக்கு ஜெபக்கூட்டம் என்றேன். ஞானம்மாவிடம் போய், உங்கள் வீட்டில் மூன்று மணிக்கு ஜெபக்கூட்டம் என்றேன். இரண்டு பேருமே மறுப்புச் சொல்லவில்லை. தன் வீட்டுப் பாட்டுச் சத்தம் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும் என்ற சந்தோஷம் இரண்டு பேருக்கும் இருந்தது. மூன்று மணிக்கு ஒவ்வொரு காம்பராவிலும் ஆறாறு குடும்பம் நெருக்கியடித்து உட்கார்ந்து, இருபக்கமும் வேறு வேறு கீர்த்தனையைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது.

வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நடுவாக நின்று வாசிக்கலாம் என்பது என் திட்டம். ஞானம்மா கதவுக்கு வந்து பார்த்துவிட்டு, 'வாசல்ல நின்னு கத்துறதுக்கு நீங்க என்ன மீன் யாவாரமா பண்றீங்க? உள்ள வந்து வாசிங்க' என்றார். புஷ்பமும், 'உள்ள வாங்க' என்றார். எந்த உள்ளே? ஒரு வீட்டுக்குள் நின்றால் அது அந்த வீட்டுக் கூட்டம். அடுத்த வீடு ஒட்டுக்கேட்டதாகத்தான் ஆகும், சபையாகாது. மாப்பிள்ளை வீட்டார் நாளைக் காலை வந்து இறங்குவார்கள். காம்பரா மூலையில் சுகந்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

'மேசை ஒண்ணு கொண்டாங்க' என்றேன்.

பெண் வீடு என்பதால் புஷ்பத்தின் பக்கத்தால் ஏறுவது, ஞானம்மாவின் பக்கத்தால் இறங்குவது என்று இரு தரப்புக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுச்சுவரின்மேல் ஏறினேன். ஒரு கால் அந்த வீட்டில், ஒரு கால் இந்த வீட்டில். தலைக்கு நாலு விரற்கடை மேலே மாசி வெயிலில் காய்ந்த தகரம். கிறிஸ்து நடுச்சுவரை இடித்து இரு பக்கத்தையும் ஒன்றாக்கினார் என்று எபேசியர் நிருபத்திலிருந்து நான் ஏழெட்டுத் தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு சுவரின்மேல் குந்தியிருந்து பிரசங்கம் செய்தது அன்று ஒருநாள்தான். சுருக்கமாக, மூன்றாம் வசனத்தை மட்டும் வாசித்தேன். பிறகு ஓலையை வாசித்தேன். யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்டேன்.

'இருக்கு' என்றார் ஞானம்மா.

போன ஞாயிறு இதே ஓலையை வாசித்தபோது இவர் வாயே திறக்கவில்லை. அன்றைக்குப் புஷ்பம் அங்கே இல்லை, கேட்க ஆளில்லாத இடத்தில் ஆட்சேபனை சொல்லி என்ன பிரயோசனம் என்று பின்னால் எனக்கு விளக்கினார்.

'என்ன ஆட்சேபனையாம், கேளுங்க' என்றார் புஷ்பம் என்னைப் பார்த்து.

'என்ன ஆட்சேபனை என்று கேட்கிறார்' என்றேன் நான், மறுபக்கம் குனிந்து. அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஆனாலும் நான் சொன்னபிறகுதான் ஞானம்மா கேட்டமாதிரி தலையாட்டினார்.

'டிஸ்பென்சரி ஐயா வீட்டுக்குத் தட்டு வச்சிச் சொன்னாங்க. டிரைவர் வீட்டுக்குச் சொன்னாங்க. பன்சலை ஹாமுதுருவுக்குக்கூடக் கார்டு போச்சு. செவத்துக்கு இந்தப்பக்கம் இருக்கிறவ மனுசி இல்லையான்னு கேளுங்க.'

கேட்டேன்.

'தெனமும் கல்யாணத்தப் பத்திச் சத்தமாத்தானே பேசினேன்? அந்தப்பக்கம் கேக்கணும்னுதானே பேசினேன்? அதுக்கு மேல என்னா சொல்லணும்னு கேளுங்க.'

அதையும் கேட்டேன்.

'சத்தம் போடுறதும் கூப்புடுறதும் ஒண்ணான்னு கேளுங்க. அவ விடியக்காலையில மலைக்குப் போனப்ப அந்தப் புள்ளைய யாரு தூக்கிக் குளிப்பாட்டினதுன்னு கேளுங்க.'

இங்கேதான் புஷ்பத்துக்குக் கோபம் எல்லை மீறியது. பிள்ளை பேச்சு வந்தால் அவருக்கு நிதானம் போய்விடும். 'அவ வந்தாலும் ஒண்ணுதான் வராட்டியும் ஒண்ணுதான். நாளைக்கு நல்ல காரியத்துல அவ மூஞ்சியில முழிக்காம இருந்தாலே போதும்னு சொல்லுங்க!'

பிள்ளையில்லாத ஒரு பெண்ணைப் பார்த்து, கல்யாணத்துக்கு முதல் நாள், நம் ஆட்களில் ஒருவர் இப்படிச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியும். சொன்ன புஷ்பத்துக்கே தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சொல் போய்விட்டது. சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஞானம்மா மெல்லிய குரலில் என்னைக் கேட்டார்.

'என்ன சொல்றா?'

அவருக்குக் கேட்டிருந்தது. எல்லோருக்கும் கேட்டிருந்தது. நான் அதைத் திருப்பிச் சொன்னால் கல்யாணம் இல்லை. சொல்லமாட்டேன் என்றால் அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. கையில் வேதம், உடம்பில் அங்கி, தலையில் கொதிக்கிற தகரம். நான் ஞானம்மாவின் பக்கம் குனிந்து சொன்னேன்:

'அக்கா சுகமா இருக்கீங்களான்னு கேக்குறாங்க.'

மூத்தவர், ஞானம்மாவின் கணவர், வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிப் புரையேறி இருமினார். ஞானம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார், நெடுநேரம். இந்த ஆள் கிறுக்கனா, இல்லை நான் கிறுக்கியா என்று பார்க்கிற பார்வை. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

'சுகமில்ல. ரெண்டு மாசமா முட்டி வலின்னு சொல்லுங்க.'

'முட்டி வலியாம்' என்றேன் இந்தப்பக்கம்.

புஷ்பம் தரையைப் பார்த்தபடி இருந்தார். 'எங்க வூட்டுல எண்ணெ இருக்கு. குடுத்தனுப்பவான்னு கேளுங்க.'

கேட்டேன். 'அவ எண்ணெயும் வேணாம் ஒண்ணும் வேணாம், அவளே தேச்சுக்கட்டும்' என்றார் ஞானம்மா. நான் இந்தப்பக்கம் திரும்பி, 'ரொம்ப சந்தோசம்னு சொல்றாங்க' என்றேன்.

அப்போது யாரோ சிரித்துவிட்டார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பிறகு அந்தப்பக்கம் ஒருவர், இந்தப்பக்கம் ஒருவர் என்று இரண்டு காம்பராவும் சிரிக்கத் தொடங்கியது. ஒரே கூரையல்லவா, சிரிப்பு எந்தக் கட்சியுடையது என்று பிரிக்க முடியவில்லை. புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகையோடு சொன்னார்:

'நாளைக்கு அக்காவ வரச் சொல்லுங்க. அக்கா வராம நான் எப்படிப் புள்ளைய அனுப்புறதுன்னு சொல்லுங்க.'

இதில் நான் ஒரு சொல்கூட மாற்றவில்லை. அப்படியே சொன்னேன். ஞானம்மா, 'ஆட்சேபனை இல்லன்னு எழுதிக்கங்க' என்றார்.

நான் இறங்கியதையும் சொல்லிவிடவேண்டும். வாக்குக் கொடுத்தபடி ஞானம்மாவின் பக்கம் காலைப் போட்டபோது, அங்கியின் பின்பக்கம் புஷ்பத்தின் பக்கம் இருந்த கலண்டர் ஆணியில் மாட்டிக்கொண்டது. கால் இரண்டும் மரத்துவிட்டன. அந்தப்பக்கமும் இல்லை, இந்தப்பக்கமும் இல்லை. இரண்டு வீட்டு ஆண்களும் எந்த வீட்டுக்குப் போய் யாரைப் பிடிப்பது என்று வாசலில் நின்று ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஞானம்மா பொறுமை இழந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று இஸ்தோப்பு வழியாகப் புஷ்பத்தின் வீட்டுக்குள் நுழைந்து, ஆணியிலிருந்து அங்கியைப் பிடுங்கி எடுத்தார். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த வாசற்படியை அவர் மிதித்தது அதற்காகத்தான். அங்கி கிழிந்துவிட்டது. நான் அந்தப்பக்கம் விழுந்தேன். பெரிய அடி ஒன்றுமில்லை.

நான் சொன்ன பொய்களைக் குருவானவரிடம் அடுத்த நாள் காலையிலேயே அறிக்கை செய்தேன். அவர் மணமக்களுக்காகக் காத்திருந்தார். 'யாராவது நம்பினார்களா?' என்று கேட்டார். 'ஒருவரும் நம்பவில்லை, ஐயா' என்றேன். ஒருவரும் நம்பாத பொய்க்கு என்ன பரிகாரம் என்று தனக்குத் தெரியவில்லை, பிஷப்பைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இதிலிருந்து பொய் சொல்லக் கற்றுக்கொள்ளாதீர்கள். பிரசங்கபீடத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரை வசனத்தால் குத்தாதீர்கள், அவ்வளவுதான். சண்டை போடுகிறவர்கள் நம்மைவிட அதிகம் உழைத்தவர்களாக இருப்பார்கள். அந்த விரிப்பைத் துவைத்தவர் கையில் பிழையா, தேய்த்தவர் கையில் பிழையா என்றுதான் சண்டை. நான் ஒருநாளும் அதைத் துவைத்ததும் இல்லை, தேய்த்ததும் இல்லை. எனக்கு அது அன்றுவரை தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. ஜெயசீலனின் தாய் தேடித் தேடிப் பார்த்தும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஞானம்மா முதல் பெஞ்சில், புஷ்பம் அதே பெஞ்சின் மறுகோடியில். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. என் மூலமாக மட்டும், மோர் போதுமா என்று கேளுங்கள், பூமாலை எங்கே என்று கேளுங்கள் என்று இருவரும் ஏவியதில் நான் ஓய்ந்துபோனேன். முதல் நாள் கத்தியதில் எனக்குத் தொண்டை வேறு கட்டிவிட்டது.

மத்தியானம் அரநாயக்கவுக்குப் போகிற வேன் வந்து நின்றது. சுகந்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஞானம்மாவைக் கட்டிக்கொண்டு அதைவிட அதிகமாக அழுதாள். வேன் கிளம்பி, வளைவில் திரும்பி, ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. ஆட்கள் கலைந்தார்கள். அந்த இரண்டு பெண்களும் பாதையோரத்தில், ஒரு பத்தடி இடைவெளியில், போன வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

'உபதேசியாரே' என்றார் புஷ்பம், என்னைப் பார்க்காமலே. 'அவங்ககிட்டச் சொல்லுங்க...'

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். எனக்குப் பேச்சு வரவில்லை என்று கையை விரித்தேன். உண்மையில் கொஞ்சம் வந்திருக்கும்.

புஷ்பம் அந்தப் பத்தடியையும் நடந்தார்.

'அக்கா, நம்ம புள்ள போயிருச்சு.'

ஞானம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

'போகட்டும்டி. நாம ரெண்டு பேரு இருக்கோம்ல.'